‘ஆ’ இல்லாத கேள்வி

நல்லூர், திருப்பூர்
9 மார்ச் 2025

கீர்த்தனா அம்மிணிக்கு,

உன் மாமியார் ரங்காத்தாள் எழுதுவது. இங்கே நானும் என் மகன் கந்தவேலும் இருக்கிறோம். சுகமா என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மெல்போர்னில் நீயும் என் பேரன் ரித்தீஷும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

மாடியில் குடியிருக்கும் ஆஷா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்பாய். உன்னோடு போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமையானால் பையன் வீடியோவில் வருவான். போன வாரமும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தேன். நானாகக் கூப்பிட்டாலும் நீ எடுக்கவில்லை. என்ன குற்றம் கண்டாய்?

பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தராமல் வளர்த்தாய். அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, இருக்கும். அவன் ஒரு பக்கம் பேச, நான் ஒரு பக்கம் சிரிக்க, எத்தனை நாள் அப்படியே ஓட்டுவது? அதனால்தான் இங்கிலீசு படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று உன் பெரியம்மா சாமளாபுரம் கல்யாணத்தில் பந்தியில் வைத்துச் சொன்னாளே, அதே ரங்காத்தாள்தான். அன்றைக்கு அவள் இலையில் எந்தப் பக்கம் பச்சடி இருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

ஆஷா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதும் வேலை. சாயங்காலம் வந்து சொல்லித் தருகிறாள். நான் முதலில் “யூ ஆர் ஈட்டிங்கா?” என்றுதான் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பாட்டி, இங்கிலீஷ்ல கடைசியில ஆ கிடையாது. அதை மொதல்ல எடுத்துருங்க” என்றாள். எடுத்துவிட்டேன்.

கடைசியாகப் பையன் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆஷா சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் ஒருத்தியே பேசினேன். ஜூலை லீவுக்கு அவனைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதைப் பற்றித்தான். இங்கேயே இருந்துகொள்கிறாயா, உன் அம்மா வரவில்லையா என்றெல்லாம் விளையாட்டாகக் கேட்டேன். ஒரு ஆ கூடப் போடவில்லை. பிள்ளை வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். அப்பாயி இங்கிலீசு பேசுகிறாளே என்று அவனுக்கு ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு கூப்பிடச் சொல்.

ரங்காத்தாள்

*

மெல்போர்ன்
14 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரும்படி ஆஷாவிடம் கேட்டிருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா?

ரித்தீஷ் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுக்குப் பயம், அத்தை. அன்றைக்கு நீங்கள் அவனிடம் சொன்னது இதுதான்: “யூ ஆர் ஸ்டேயிங் ஹியர். யுவர் மதர் இஸ் நாட் கமிங். யூ ஆர் நாட் கோயிங் பேக்.” அவன் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? நீ இங்கேதான் இருக்கப் போகிறாய். உன் அம்மா வரமாட்டாள். நீ திரும்பிப் போகப் போவதில்லை.

போனை மூடிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை அவங்ககிட்ட குடுத்துட்டியா?” என்று இங்கிலீஷில் கேட்டான். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதான். பள்ளியிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போய்விடுவேனாம். அவனுக்கு ஏழு வயது.

அவன் அப்பாவும் நானும் பிரிந்த பிறகும் உங்களிடமிருந்து பேரனைப் பிரிக்கக் கூடாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனை அவன் கையில் கொடுத்தேன். யார் சொல்லி நீங்கள் அப்படிப் பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஜூலையில் நாங்கள் வரவில்லை. டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதினாலும் கோபித்துக்கொள்வீர்கள். பரவாயில்லை.

கீர்த்தனா

*

நல்லூர்
20 மார்ச் 2025

கீர்த்தனாவுக்கு,

உன் கடிதத்தை ஆஷா படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம் புள்ள, நான் கேட்டதுதான அது?”

“நீங்க கேக்கல பாட்டி. சொல்லிட்டீங்க.”

“கடைசியில இழுத்துத்தான கேட்டேன்?”

“இழுத்தாப் போதாது. ‘ஆ’வ எடுத்தா, முன்னால உள்ளதத் திருப்பிப் போடணும். யூ ஆர் இல்ல, ஆர் யூ. அதை அடுத்த வாரம் சொல்லித் தரலாம்னு இருந்தேன்.”

“அடுத்த வாரமா? இருந்ததைப் புடுங்கிட்டு, போட வேண்டியதைக் குடுக்காம உட்டுட்டியே!”

“திருப்பூர்க்காரங்களுக்குத் திருப்பத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்று சிரித்தாள். அவள் நிலைமைக்கு அந்த நேரத்தில் அந்தச் சிரிப்பு தேவையா? அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு நானே போய்க் கதவைத் தட்டினேன். வேறு யார் சொல்லித் தருவார்கள்?

கீர்த்தனா, நம் பேச்சில் கேள்வி வாலில் இருக்கிறது. இங்கிலீசில் அது தலையில் இருக்கிறது. எனக்கு இது தெரியாது. நான் வாலை வெட்டிவிட்டுத் தலையும் இல்லாமல் பிள்ளை முன்னால் போட்டிருக்கிறேன். அது செத்த பாம்பு மாதிரி அவன் மேல் விழுந்திருக்கிறது. யார் சொல்லிப் பேசினேன் என்று நீ கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்காமலே கேட்டுவிட்டாய். அதை மறக்கமாட்டேன். ஒருத்தரும் சொல்லவில்லை. என் வாயால் என் பேரனிடம் நானே கேட்ட கேள்வி.

இப்போது பார்க்கிற எல்லாவற்றையும் திருப்பிப் பழகுகிறேன். குக்கரிடம் ஆர் யூ ரெடி. பூனையிடம் ஆர் யூ ஹங்கிரி. கந்தவேல் பனியன் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, “ஆர் யூ லேட்?” என்றேன். “அம்மா, என்னாச்சுங்க உங்களுக்கு?” என்கிறான்.

அன்றைக்குக் கேட்க நினைத்ததை ஆஷா சரிபார்த்துத் தந்திருக்கிறாள். நீயே பையனுக்குப் படித்துக் காட்டு. ஆர் யூ ஸ்டேயிங் ஹியர்? இஸன்ட் யுவர் மதர் கமிங்? ஆரன்ட் யூ கோயிங் பேக்? மூன்றும் கேள்வி. மூன்றுக்கும் அவன் என்ன பதில் சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்.

ரங்காத்தாள்

*

மெல்போர்ன்
30 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

படித்துக் காட்டினேன். “அப்பாயி கேள்விதான் கேட்டாங்களா?” என்று மூன்று தடவை கேட்டான். பிறகு பூனைக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றான். இன்னும் போன் பக்கம் வரவில்லை. ஆனால் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான்.

இங்கே வந்த புதிதில் நானும் ஆபீசில் “யூ ஆர் ஃபிரீ?” என்றுதான் கேட்பேன். ஃபிரீயாகத்தான் இருக்கிறாய் என்று அதட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். அதனால் உங்களை நம்புகிறேன்.

ஆனாலும் டிக்கெட் போடக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு கடைசியாக வந்தோமே, அப்போது கிளம்புகிற வாரம் ரித்தீஷின் பாஸ்போர்ட் என் பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, பையன் இங்கேயே படிக்கட்டும், நீ மட்டும் போ என்றார் உங்கள் மகன். என் தம்பி வந்து சத்தம் போட்ட பிறகுதான் கம்பெனி பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். அந்த வாரம் நீங்கள் மடத்துக்குளத்தில் உங்கள் தங்கை வீட்டில் இருந்தீர்கள். திரும்பி வந்தபோது நாங்கள் கிளம்பிவிட்டிருந்தோம். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டேன் என்று இன்றுவரை நீங்கள் என் மேல் வருத்தம் வைத்திருக்கிறீர்கள்.

‘யூ ஆர் நாட் கோயிங் பேக்’ என்பதை நான் உங்கள் வாயிலிருந்து புதிதாகக் கேட்கவில்லை, அத்தை. நான் பயந்தது அதனால்தான். கேள்வி கேள்வியாகத்தான் இருந்தது என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்த பீரோ கண்ணிலேயே நிற்கிறது.

கீர்த்தனா

*

நல்லூர்
4 ஏப்ரல் 2025

கீர்த்தனா கண்ணு,

கந்தவேல் சாப்பிட உட்கார்ந்தான். சோறு போடாமல் நின்றேன்.

“ஏன்டா, பையன் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிச்சு வெச்சியா?”

“பத்திரமா இருக்கட்டுமேன்னுதானுங்மா…”

“யாருகிட்ட இருந்துடா பத்திரம்? பெத்தவகிட்ட இருந்தா?”

“எம் பையன் எங்கூட இருக்கணும்னு நெனச்சது தப்புங்களா?”

“நெனச்சது தப்பில்ல. கேட்டியாடா அவளை? கேக்கவே இல்லையே. இருன்னு சொல்லிப்போட்டு பீரோவைப் பூட்டிக்கிட்டே.”

அவன் காலித் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சோறு போட்டேன். பெற்றுவிட்டேனே. ஆனால் இந்த வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒன்று நடந்ததும், அதை மூன்று வருடம் ஆளாளுக்கு மூடி வைத்ததும் எனக்கு ஆறாது. இதில் நீயும் சேர்த்திதான். அப்போதே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் பஸ்ஸில் வந்து அந்த பீரோவை உடைத்திருப்பேன்.

ஆஷாவிடம், பையனுக்கு நான் ஒரு சத்தியம் செய்ய வேண்டும், இங்கிலீசில் எப்படி என்று கேட்டேன். ஐ வில் நெவர் என்று ஆரம்பித்தாள். இது வெறும் பேச்சு மாதிரி இருக்கிறது, இன்னும் கெட்டியாக வேண்டும் என்றேன். யோசித்துவிட்டு, “நெவரத் தூக்கி முன்னால வச்சா, கேள்வி இல்லைன்னாலும் உள்ளே திருப்பணும் பாட்டி. அப்படிச் சொன்னா ரொம்ப அழுத்தம்” என்றாள். அதுதான் வேண்டும் என்றேன்.

நாக்கு உடன்படவில்லை. நெவர் ஐ வில் என்றே வந்தது. தைத்த பனியனை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் திருப்பினால் கை உள்ளேயே சுருண்டு நிற்குமே, அப்படி. மாவு ஆட்டும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிச் சொல்லி இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். கந்தவேலை எதிரே நிறுத்தி, அவனையும் சொல்ல வைத்தேன். இஞ்சினியரிங் படித்தவன், அவனுக்கும் முதலில் திரும்பவில்லை. சொல்லி முடித்துவிட்டு முகம் கழுவப் போனான். வெகுநேரம் வரவில்லை.

பையனிடம் நீ படிக்காதே. ஆஷா போனில் என் குரலைப் பிடித்து அனுப்புகிறாள். அவன் காதில் என் வாயால்தான் விழ வேண்டும்.

நெவர் வில் ஐ கீப் யூ ஃப்ரம் யுவர் மதர்.

நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இது மாறாது.

ரித்தீஷின் அப்பாயி
ரங்காத்தாள்

*

மெல்போர்ன்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் குரலை அவன் எத்தனை முறை கேட்டான் என்று எனக்கே தெரியாது. “அப்பாயி ராணி மாதிரி பேசறாங்க” என்கிறான். பள்ளியில் ஆசிரியையிடமும் போட்டுக் காட்டியிருக்கிறான். நேற்று குளிக்காமல் அடம் பிடித்தபோது, நெவர் வில் ஐ டேக் எ பாத் என்று என்னிடமே திருப்பினான்.

இந்த ஞாயிறு அவனே உங்களைக் கூப்பிடுவான். அவனுக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறதாம். நான் கேட்கவில்லை.

கந்தவேலும் ரித்தீஷுக்கென்று எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். நீங்கள் சொல்ல வைத்த அதே வாக்கியம், கூட ஒரு எழுத்து இல்லை. பதில் இன்னும் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

டிக்கெட் போட்டுவிட்டேன். முன்பு சொன்னபடி நானே அவனைக் கூட்டி வருகிறேன். ஜூலை முதல் வாரம், கோயம்புத்தூருக்கு. ஓட்டலில் தங்கலாம் என்று நினைத்தேன். ரித்தீஷ் உங்கள் வீட்டில்தான் என்கிறான். தங்கலாமுங்களா, அத்தை?

ஒன்று மட்டும். எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் என் கைப்பையிலேயே இருக்கும். படுக்கும்போதும் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன். தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள்
கீர்த்தனா

*

நல்லூர்
23 ஏப்ரல் 2025

கீர்த்தனா கண்ணு,

என் வீட்டில் தங்குவதற்குப் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். தப்பாகத்தான் நினைத்தேன். நான் சாகும்வரை இது என் மனதில் இருக்கும். நீ வந்ததும் ஒரு தடவை சொல்லிக் காட்டுவேன், கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் இருவருக்கும் மேற்குப் பக்கத்து அறை. முன்பு நூல் கோன் அடுக்கி வைத்திருந்தோமே, அதுதான். வெள்ளையடித்தாயிற்று. நூல் வைக்கிற அறை என்பதால் அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. இன்றைக்கு ஆசாரியைக் கூப்பிட்டு அதைக் கழற்றி, உள்பக்கம் போட வைத்தேன். நானே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, கந்தவேலை வெளியிலிருந்து தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அசையவில்லை.

வா.

ரங்காத்தாள்