காப்பி குடித்துவிட்டு எழுதிய தாள்

அண்ணாச்சி,

பக்கத்து வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள். மணம் ஜன்னல் வழியாக மேசைவரை வந்துவிட்டது. எழுதும் நாளில் காலையில் சாயாதான், காப்பி கூடாது என்பது நீங்கள் வைத்த விதி. இன்று மீறிவிட்டேன். கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, இரண்டு தம்ளர்.

நீங்கள் அந்த விதியை வைத்தது, நம் தமிழ்த் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முந்திய வருடம். வடசேரி அச்சகத்தில் நீங்கள் அச்சுக்கோர்ப்பவர். நான் செய்தி எழுதித் தருகிறவன். அந்த மாசியில் என் வலது கை நடுங்கத் தொடங்கியது. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசி ஆறு வருடம் அம்மாதான் அவருக்குச் சோறு ஊட்டினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறர் முன்னால் தம்ளரை எடுப்பதையே நிறுத்தியிருந்தேன்.

என் கையெழுத்தை என் மனைவியைவிட அதிகம் படித்தவர் நீங்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை பற்றி நான் எழுதிய தாள்களை ஒருநாள் மேசைமேல் இரண்டு வரிசையாகப் பரப்பினீர்கள்.

“இது காலையில எழுதினது. இது சாயங்காலம். பாரும் வே.”

காலை வரிசை முழுக்கக் கோணல். மாலை வரிசை நேராக இருந்தது. அப்போதுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“அவருக்குச் சாயங்காலம் நடுக்கம் நின்னுதா?”

“இல்ல.”

“காலையில எத்தன காப்பி குடிக்கீரு?”

“மூணு. எழுத உக்காந்தா நாலு.”

“வெளங்கும்! பத்து நாளு சாயா குடியும். ஒரு தம்ளர், அவ்வளவுதான்.”

“எல்லைப் போராட்டத்த எழுதுகவன் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சாயாவ குடிக்கவா, அண்ணாச்சி?”

“சாயாவுக்கு யாரும் எல்லைக்கல்லு நடல வே. குடியும்.”

முதல் இரண்டு நாள் தலைவலியில் பேசவே முடியவில்லை. சாயா வெந்நீராகத் தெரிந்தது. எழுத்து புரியாவிட்டால், “வே, இது என்னது?” என்று உள்ளிருந்து சத்தம் கொடுப்பது உங்கள் வழக்கம். பதினோராம் நாள் காலைத் தாளைக் கொடுத்துவிட்டு வாசல் பெஞ்சில் காத்திருந்தேன். பத்து மணி ஆயிற்று. சத்தமே இல்லை. பயந்துபோய் உள்ளே வந்தேன். நீங்கள் முழுவதும் கோர்த்து முடித்திருந்தீர்கள்.

“ஏன் கூப்பிடல?”

“எதுக்குக் கூப்பிடணும்? எழுத்து தெரியுதே.”

திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தைக்கு வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. உங்கள் நினைவு மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி உங்கள் மகன் கேட்டிருந்தார். சாயா குடித்து மூன்று நாள் காலையில் உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. அதனால்தான் இன்று காப்பி.

எழுத்து கோணித்தான் விழுகிறது. பயமில்லை, அண்ணாச்சி. சாயங்காலம் உட்கார்ந்து நேராக எழுதி எடுத்துவிடுவேன்.