தம்பியின் கொடுப்பனவு நின்ற விசயம்

ஒட்டுசுட்டான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சாரங்காவுக்கு அம்மா எழுதுவது. தான்தோன்றீஸ்வரர் காவலில் நானும் தம்பி நிருஷனும் இருக்கிறோம், நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாய் இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனைக் காதில் வைத்தால் பக்கத்து வளவு ராஜினி வேலியடியில் கீரை ஆய வந்துவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

சண்டைக் காலத்துச் செல்லடியில் தம்பியின் கால் போனதற்கு அரசாங்கம் மாதாமாதம் தந்த கொடுப்பனவை நிற்பாட்டிப் போட்டார்கள். ஏன் என்று கேட்டால் பிரதேச செயலகக் கந்தோரில் ஆளை ஆள் பார்க்கிறார்கள். அந்தக் காசில்தான் அவன் கோழித்தீன் வாங்கினவன், தீன் இல்லாமல் முட்டை குறைந்தது, முட்டை குறையச் சந்திக் கடைக்காரர் வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கிவிட்டார், போன கிழமை கோழிகளையும் விற்றுப்போட்டான். பொய்க்கால் உரசிப் புண்ணான இடத்துக்கு மருந்து கட்ட முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் போகவும் பஸ் காசை நினைத்து யோசிக்கிறான். உன்னிடம் கேட்கச் சொன்னால், அக்கான்ர கையைப் பாத்துச் சாப்பிடமாட்டன் என்கிறான்.

எனக்கு முதலில் ராஜினியில்தான் சந்தேகம், கந்தோரில் ஏதும் கோள் சொல்லியிருப்பாள் என்று. கேட்டதற்கு, எனக்கேன் மாமி உங்கட வீட்டுக் கதை, நான் என்ர பாட்டில இருக்கிறன் என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பு சரியில்லை. பிறகு நீ காசனுப்பிப் போட்டுத் தந்த இரும்புக் கேற்றில் சந்தேகம் வந்தது, கொடுப்பனவு நிற்க முதல் விசாரிக்க வந்த கந்தோர்ப் பெடியன், வசதியான வீடு என்று நினைத்தானோ, அதையே பார்த்துக்கொண்டு நின்றவன். தம்பி சொல்கிறான், வேற ஒருத்தரும் இல்லையம்மா, நீங்கள்தான் என்று. கந்தோரிலிருந்து ஆள் வருகுது என்று நான்தான் அவனுக்குப் பொய்க்காலைப் பூட்டி, நீள்காற்சட்டை போடுவித்து, வந்தவருக்குக் கதிரை தூக்கிவந்து போடச் சொன்னேனாம். பிறகென்ன, என் பிள்ளையை ஒருவன் பாவம் பார்க்கவோ? அந்தப் பெடியனும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தம்பி நல்லாத்தானே நடக்கிறார் அம்மா என்றான். நான் அதைப் புகழ்ச்சி என்று நம்பி முருங்கைக்காயும் கட்டிக் கொடுத்தேன். கள்ளன்.

மேன்முறையீடு கொடுத்ததில் புதன்கிழமை திரும்பப் பார்க்க வருகிறார்களாம். இந்த முறை பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, புண் தெரிய நிலத்தில் இருக்கப் போகிறானாம். வேறு வழியில்லை என்று எனக்கும் விளங்குகிறது. தேத்தண்ணியைப் போட்டு வைத்துவிட்டு நான் குசினிக்குள் நின்றுகொள்வேன். அவர்கள் அவனைக் குனிந்து பார்க்கிறதை நான் பார்க்க மாட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, பேத்தியோடு தமிழில் கதை. மருமகனுக்குச் சொன்னாலும் அவர் வீட்டாருக்குச் சொல்லாதே, அவர்கள் ராஜினிக்குச் சொந்தம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராது. புதன்கிழமை பின்னேரம் தம்பிக்குப் போன் எடு. அன்றைக்கு என்னோடு கதைக்க வேண்டாம்.

அம்மா,
இரஞ்சிதம்