புதன்கிழமைப் பங்குதாரர்

ஆகஸ்ட் 6, புதன்

இன்று முதல் நான் கல்லூரியின் பங்குதாரர். முதல்வரே தன் திருவாயால் சொன்னார்: "இனிமே மாணவர், ஆசிரியர்னு பேதமே கிடையாது. எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுக்கப் போறோம்." கைதட்டினோம். அடுத்த முடிவை அவரே எடுத்தார்: எங்கள் மாணவர்-ஆசிரியர் கமிட்டி புதன்தோறும் மதியம் இரண்டு மணிக்குக் கூடும். எங்களுக்கு அது வேதியியல் லேப் நேரம் என்றேன். "கமிட்டிக்கு வந்தா அட்டெண்டன்ஸ் உண்டும்மா." லேப் எடுக்கும் பிப்பெட் சாரும் (நாங்கள் வைத்த பெயர், ஆள் அந்த லேப் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒல்லி) ஆசிரியர் தரப்பில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். தலையாட்டினார்.

அக்காவிடம் சொன்னேன். "பங்குதாரரா? லாபத்துல பங்கு தருவாங்களாடி?" வயிற்றெரிச்சல்.

ஆகஸ்ட் 20, புதன்

மாணவர் தரப்பின் இன்றைய பங்களிப்பு: தேநீர் ஊற்றியது, புகைப்படத்தில் நடுவில் நின்றது. நான் பேச வாய் திறந்ததும் முதல்வர், "இளைஞர்களோட குரல் ரொம்ப முக்கியம்," என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். பிப்பெட் சாருக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியும்.

செப்டம்பர் 10

தேநீர்.

அக்டோபர் 13, திங்கள்

அறிவிப்புப் பலகையில் என் பெயர். லேப் வருகை போதாது, செய்முறைத் தேர்வு எழுத முடியாது. நானா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதன்களில் லேப்பைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியையிடம் ஓடினேன். "நீ வரல, ஆப்சென்ட் போட்டேன். சார் சொன்னா மாத்தறேன்." சாரிடம் ஓடினேன். "நான் கிளாஸ்லயே இல்லையேம்மா. அட்டெண்டன்ஸ் எடுத்தவங்களைக் கேளு."

நீங்க ஏன் கிளாஸ்ல இல்ல சார்? என் எதிர்ல உட்கார்ந்து தூங்கிட்டிருந்தீங்களே! — இதைக் கேட்காமல் "சரி சார்" என்று வந்துவிட்டேன். எனக்கு ஏன் வாயே வரவில்லை? இந்தத் தேர்வு போனால் ஒரு வருஷம் போச்சு. கேம்பஸ் இண்டர்வியூவில் கிடைத்த வேலையும் போச்சு. அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?

அக்டோபர் 15, புதன்

இன்று விவாதப் பொருள்: மாணவர்கள் ஏன் வகுப்புக்கு வருவதில்லை? சத்தியமாக இதுதான்.

வழக்கம்போல தேநீர் ஃபிளாஸ்க்கை எடுத்தேன். கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "சார், நான் கிளாஸுக்குப் போகாததுக்கு இந்தக் கூட்டம்தான் காரணம். எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாங்க. பிப்— லேப் சாரும் இங்கதானே இருந்தாரு? அவருக்கு யாரு ஆப்சென்ட் போட்டா?"

முதல்வர் சுதாரித்துக்கொண்டார். "ரொம்ப நல்ல கேள்வி. இதை ஆராய ஒரு துணைக்குழு போடுவோம். அடுத்த புதன், ரெண்டு மணி."

பிப்பெட் சார் எழுந்தார். முழு விழிப்பில் அவரை இன்றுதான் பார்க்கிறேன். "என்னால வர முடியாது சார். எனக்கு கிளாஸ் இருக்கு." பிறகு என்னிடம், "உனக்கும்தான் இருக்கு. வாம்மா."

லேப்புக்குப் போனதும் பதிவேட்டை வாங்கித் திருத்திக் கையெழுத்துப் போட்டார். "விட்டுப்போன எக்ஸ்பெரிமெண்ட் எல்லாத்தையும் முடிக்கணும். நாளைலேர்ந்து வா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அமில நெடி என்று சமாளித்தேன்.

அக்டோபர் 22, புதன்

இரண்டு மணிக்கு லேப். நான் செய்ததெல்லாம் தப்பு. திட்ட வந்த சார், ப்யூரெட் குழாயைத் தூக்கிப் பார்த்தார். "இது ஒழுகுதே! ஏன் யாருமே சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப கேக்கறேன். வேற என்னென்ன சரியில்ல?"

சொன்னோம். மணி அடித்த பிறகும் சொன்னோம்.

மாடியில் துணைக்குழு கூடியதாம். தேநீரை யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை.