மிச்சமிருந்த தமனி

மார்ச் 4, 2024
புறநோயாளிகள் முப்பத்தொரு பேர். கடைசியாக மாரீஸ்வரி, சாக்கோட்டைப் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர். லாரி மோதி, இடது முழங்காலுக்குக் கீழே சதை போய் எலும்பு தெரிகிறது. வேறு இடத்தில் காலை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று தமனிகளில் ஒன்றுதான் மிச்சம்.

மார்ச் 5
தொடைச் சதையை எடுத்துப் புண்ணை மூட வேண்டும். அதன் தமனியை இந்த ஒன்றோடுதான் இணைக்க முடியும். இதை வெட்டி முனையோடு முனை தைத்தால் பாதம் செத்துவிடும். வெட்டாமல் தமனியின் பக்கச் சுவரில் துளையிட்டுத் தைத்தால் இரண்டுக்கும் ரத்தம் ஓடும். அவள் கணவர் பாண்டீஸ்வரனுக்குப் படம் வரைந்து சொன்னேன்.
“அடைச்சுக்கிட்டா?”
“காலே போகலாம்.”
“நீங்களா இருந்தா என்ன செய்வீக, டாக்டரம்மா?”
மாரீஸ்வரி குறுக்கிட்டாள். “அவுகளை ஏன் கேக்குறீக? கால் என்னுது. தைங்கம்மா.”

மார்ச் 7
ஏழு மணி நேரம். மைக்ராஸ்கோப்பில் இரண்டு மில்லிமீட்டர் துளை, முடியைவிட மெல்லிய நூல், பத்துத் தையல். தைக்கும்வரை தமனியில் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தியிருந்தேன். மயக்க மருத்துவர் கதிரவன் நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபத்தாறாவது நிமிடத்தில் கிளிப்பை எடுத்தேன். பாதம் சிவந்தது. சதையும்.

மார்ச் 8
இரண்டும் கதகதப்பாக இருக்கின்றன.

மார்ச் 9
காலையில் சதை வெளுத்துச் சில்லிட்டுக் கிடந்தது. திறந்தோம். தையலில் ரத்தக்கட்டு. எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். ஐந்து நிமிடம் ஓடியது, மறுபடி அடைத்தது.
“இன்னொரு தடவை பாப்போமா, மேடம்?” என்றார் கதிரவன்.
அந்தத் தமனிச் சுவர் இன்னொரு தையலைத் தாங்குமா? கட்டு கீழே பாதத்துக்கு இறங்கினால்? சதையை எடுத்துவிட்டு, சிரைத்துண்டு வைத்துத் துளையை மூடினேன். பாதத்தில் நாடி அடித்தது.
ஏழு மணி நேரம் தைத்த சதை தட்டில் கிடந்தது. எங்க தப்புப் பண்ணினேன்? தெரியல — தெரியவே தெரியல.

மார்ச் 10
மாரீஸ்வரியிடம் நானே போய்ச் சொன்னேன்.
“அப்ப புண்ணு?”
“கெண்டைச் சதையைத் திருப்பிப் போட்டு மூடுவோம். முழுசா மூடாது, மெதுவாத்தான் ஆறும்.”
“கால் இருக்குல்ல?”
“இருக்கு.”
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 18
கெண்டைச் சதை வைத்து மூடிய புண்ணின் ஓரத்தில் இன்னும் கசிவு.

செப்டம்பர் 24
மாரீஸ்வரி தனியாக வந்திருந்தாள். கால் பார்க்க நன்றாயில்லை; ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. புண் ஆறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கினாள்.
“ஆட்டோ கிடைக்கலையா?”
“பஸ் ஸ்டாண்டுல மூணு பேரு கூப்பிட்டாக. வேணாம்னுட்டு நடந்தே வந்தேன்.”