கையைக் காட்டுங்கோ

5-3-1934, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டப் போக முடியாததால் தோட்டத்துச் சனமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில். யாருக்கு உண்மையில் காய்ச்சல், யாருக்கு மழைக் காய்ச்சல் என்று பிரிப்பதற்குள் பத்து மணி ஆகிவிட்டது.

பிறகு பிள்ளைகளின் புண்களுக்குக் கட்டு மாற்றினேன். எட்டுப் பேர். ஒருவரும் அழவில்லை.

இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தோட்டத்தில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக வந்து ஒன்பது வருஷம். காய்ந்து ஒட்டிய துணியைப் புண்ணிலிருந்து இழுக்கும்போது ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் கையைப் பிடிக்க, நான் “நோகாது, நோகாது” என்று சொல்லி முடிப்பதற்குள் இழுத்துவிடுவேன். அதுதான் முறை. எனக்குப் பழக்கியவர்களும் அப்படித்தான் பழக்கினார்கள். இன்று அன்னம்மா, எட்டு வயதுப் பெண், முழங்காலுக்குக் கீழே ரூபாய் அகலத்துக்குப் புண், தானாகவே காலை நீட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். முடிந்ததும் எழுந்து போய்விட்டாள்.

பிள்ளைகள் அழாமல் இருப்பது நல்லதுதானே என்று ஒரு மடையன் கேட்பான். நான் கேட்க மாட்டேன்.

6-3-1934

இன்றும் அப்படியே. யாரோ அபின் கொடுக்கிறார்கள். வேறென்ன இருக்க முடியும்?

அலமாரியில் வயிற்றுப்போக்குக்கு வைத்திருக்கும் அபின் கலந்த மருந்துப் போத்தலில் மட்டத்துக்கு நேரே பென்சிலால் கோடு போட்டேன்.

7-3-1934

கோடு இருந்த இடத்தில்தான் மருந்தும் இருக்கிறது. எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம் அல்லவா? நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கசப்பு குறையவில்லை. ஆகவே வெளியிலிருந்து வருகிறது.

வார்டு ஆயா சுப்பம்மா மேல்தான் என் கண். புல் வெட்டிக்கொண்டிருந்தவளை இரண்டு மாதம் முன்புதான் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்தோம். போன ஞாயிறு ஜாசின் டவுனுக்குப் போய் வந்திருக்கிறாள். அபின் விற்கும் சந்துக்கடை அங்கேதான் இருக்கிறது. எதற்குப் போனாய் என்று கேட்டேன்.

“பாசாருக்குத்தான்யா. கருவாடு வாங்க.”

கருவாடு வாங்கியதை யார் பார்த்தார்கள்?

பிள்ளைகளின் கண்மணிகளைப் பார்த்தேன். அபின் தின்ற கண் ஊசிமுனை மாதிரிச் சுருங்கும். இவர்களுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அளவாகக் கொடுக்கிறாள் போலும்.

9-3-1934, வெள்ளி

புது விஷயம். கட்டுகள் ஈரமாக வருகின்றன.

நேற்று நான் காய்ந்த துணியால் இறுக்கிக் கட்டி விட்டது, இன்று காலையில் நனைந்து தளர்ந்து இருக்கிறது. எட்டுப் பேருக்கும்! நான் வருவதற்கு முன் யாரோ புண்ணைத் திறக்கிறார்கள். பச்சிலையோ கோயில் திருநீறோ வைத்து மறுபடி மூடுகிறார்கள். பேண்டேஜ் சுருள் ஒன்றும் குறைகிறது.

சுப்பம்மாவைக் கேட்டேன். “தண்ணி பட்டிருக்கும்யா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அன்னம்மா அவளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். என் வார்டில், என் முகத்துக்கு நேரே.

10-3-1934

அரை மணி முந்திப் போனேன். குளியலறைப் பக்கம் பிள்ளைகள் கூடி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு. என் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டது. சுப்பம்மா அவசரமாகச் சேலையைக் காலுக்கு மேல் இழுத்து மூடினாள். பக்கத்தில் ஒரு கிண்ணம். முகர்ந்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

உப்புத் தண்ணீருக்கு எதற்கு இத்தனை ஒளிப்பு?

தோட்ட மேனேஜர் துரைக்கு ரிப்போர்ட் எழுதிவிட்டேன். போதைப் பொருள் சந்தேகம், கட்டுகளில் கை வைப்பது, பேண்டேஜ் திருட்டு. மூன்று குற்றம். திங்கட்கிழமை அனுப்புவேன்.

11-3-1934, ஞாயிறு

மகள் ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல். கால் பாதம் வீங்கியிருக்கிறது. புதன்கிழமை வேலியோரம் மூங்கில் சிராய் ஏறியதாம். எடுத்துவிட்டதாம். அன்னபாக்கியம் அன்றே என்னிடம் சொன்னாளாம். நான் “ம்” என்றேனாம். என் மனைவி பொய் சொல்கிறவள் அல்ல. நான்தான் போத்தல் கோட்டை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒத்தடம் கொடுத்தோம்.

12-3-1934

ரிப்போர்ட் போய்விட்டது. காய்ச்சல் நூற்றிரண்டு.

15-3-1934, வியாழன்

வாராந்தர டாக்டர் வந்தார். பாதத்தைப் பார்த்தவுடனே வெட்ட வேண்டும் என்றார். ஆழத்தில் சீழ். எலும்புக்கு இறங்கினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அரை நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம், பிடித்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சி மேசையில் படுத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். “அப்பா, நோகுமோ?”

“இல்லைப் பிள்ளை. டாக்டர் சும்மா பாக்கப் போறார்.”

கத்தித் தட்டு அப்போது என் கையில் இருந்தது, முதுகுக்குப் பின்னால். ஆயிரம் பிள்ளைகளுக்கு அப்படி மறைத்திருக்கிறேன்.

நான் தலைப்பக்கம் பிடித்தேன். வெட்டும்போது அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. காலையும் பார்க்கவில்லை. கண்ணைக் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு கத்தினாள். ஏழு வயதுப் பிள்ளை. என் ஒரே பிள்ளை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, எழுதவும் முடியவில்லை.

16-3-1934

வெட்டிய குழிக்குள் மருந்துத் திரி வைத்திருக்கிறார்கள். தினமும் அதை எடுத்துப் புதிது வைக்க வேண்டும். மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் சீழ் உள்ளே போகும். அப்படிப் போனால் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரி, விரல்களை எடுக்க வேண்டி வரலாம். டாக்டர் என்னிடம் இதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கே தெரியும்.

என் கையைக் கடித்துவிட்டாள். திரியில் பாதிதான் வந்தது.

17-3-1934

கட்டிலருகே போனேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, “கையைக் காட்டுங்கோ” என்றாள்.

காட்டினேன்.

“மற்றக் கை.”

அதில் இடுக்கி இருந்தது.

கட்டு மாற்ற முடியவில்லை. மத்தியானம் சோறு பிசைந்து கொண்டுபோனேன். அதற்கும் இரண்டு கையையும் காட்டச் சொன்னாள். காட்டியும் வாங்கவில்லை. சோற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

சோற்றுக்குள் என்னடி இருக்கும், சோறுதான்! கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

18-3-1934, ஞாயிறு

இரண்டு நாளாகத் திரி மாற்றவில்லை. வாடை வரத் தொடங்கிவிட்டது. நாலு பேரை அழைத்துப் பிடிக்கலாம். அவள் என்னைப் பார்ப்பாளே. நாளை, நாளை என்று தள்ளுகிறேன். பிறத்தியார் பிள்ளை என்றால் தள்ளியிருப்பேனா?

வார்டுப் பிள்ளைகள் சுப்பம்மாவிடம் அழுவதில்லையாமே என்று அன்னபாக்கியம் கேட்டாள். எதையோ யோசிக்கிறாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

19-3-1934

துரையிடமிருந்து பதில். சுப்பம்மா இன்றோடு வார்டிலிருந்து நீக்கம். நாளை முதல் பழையபடி புல் வெட்டு. நல்லது.

20-3-1934, செவ்வாய்

காலையில் வார்டில் எட்டுப் பிள்ளைகளும் அழுதார்கள். அன்னம்மா கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். இழுத்தெடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. இதுதான் இயல்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயந்தரம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ரஞ்சியின் கட்டைத் தொட்டேன். ஈரம்.

நனைந்து, தளர்ந்து, வார்டில் இருந்த மாதிரியே.

என் வீட்டுக்குள்ளுமா? “ஆர் வந்தது? ஆர் கை வைச்சது?” என்று நான் போட்ட சத்தம் கணக்கெழுதும் கிராணி வீடு வரை கேட்டிருக்கும். அன்னபாக்கியம் அடுப்பை விட்டு எழும்பவே இல்லை.

“நான்தான் சுப்பம்மாவைக் கூப்பிட்டனான்.”

“எப்ப?”

“புல்லு வெட்டுக்கு இடையில. சாப்பாட்டு நேரத்தில. பின்வாசலால.”

“அவள் ஆரெண்டு தெரியுமோ உனக்கு? பிள்ளையளுக்கு அபின் குடுக்கிறவள்!”

“நீங்கள் பாத்தனீங்களோ?”

பார்க்கவில்லை. ஆனால் நாளை பார்ப்பேன்.

21-3-1934, புதன்

சாப்பாட்டு நேரத்தில் வேலைக்குப் போவதுபோல் முன்வாசலால் போய், சுற்றிவந்து குசினிச் சன்னலுக்கு வெளியே நின்றேன். என் வீட்டையே ஒளிந்து பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் நின்றேன்.

சுப்பம்மா எங்கள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கினாள். காலில் ஒரு கட்டு, என்னுடைய பேண்டேஜ், காணாமல் போன அந்தச் சுருள். உள்ளே புண் எதுவும் இல்லை, எப்போதோ ஆறிய வடு மட்டும். ரஞ்சி கிண்ணத்திலிருந்து உப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டு அந்தக் கட்டை நனைத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வலிக்குது தாயி, மெதுவா. இன்னும் கொஞ்சம் தண்ணி விடு.”

“இப்ப?”

“இப்ப பரவால்ல. நல்லா எடுக்கிறியே!”

பிறகு ரஞ்சியின் பாதத்தைத் தன் மடியில் வைத்தாள். “இப்ப உன்னோடது. வலிக்கும் தாயி, பொய் சொல்ல மாட்டேன். பத்து எண்ணுற வரைக்கும் வலிக்கும். முடியலைன்னா கையத் தூக்கு, நிறுத்திடறேன்.”

அபினும் இல்லை, பச்சிலையும் இல்லை. அவ்வளவுதான்.

நாலு எண்ணும்போது ரஞ்சி கையைத் தூக்கினாள். சுப்பம்மா நிறுத்தினாள். உண்மையாகவே நிறுத்தினாள். நானாக இருந்தால் கொஞ்சம்தானே என்று இழுத்திருப்பேன். ரஞ்சி மூச்சு வாங்கினாள், அழுதாள், கண்ணைத் துடைத்தாள், பிறகு “ம்” என்றாள். மறுபடி ஐந்து, ஆறு. திரியின் கடைசித் துண்டை அவளே தன் கையால் எடுத்தாள். பின்னாலேயே சீழ் வந்தது. 

“இனி அப்பா வந்து மருந்து வைப்பாரு.”

“வேண்டாம். அப்பா பொய் சொல்லுவார்.”

சுப்பம்மா அவள் பாதத்தைத் துடைத்தாள். “நீ அழுவியேன்னு பயந்துட்டாரு தாயி” என்றாள்.

நான் சத்தமில்லாமல் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அலமாரியைத் திறந்து போத்தலில் இருந்த பென்சில் கோட்டை விரலால் தேய்த்தேன். முழுதாக அழியவில்லை.

22-3-1934, வியாழன்

காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்ததும் துரையின் ஆபீசுக்குப் போய், ரிப்போர்ட் பிழை என்றேன். எந்தப் பகுதி என்று கேட்டார். முழுவதும் என்றேன். அபின் இல்லையென்றால் பிள்ளைகள் ஏன் அழவில்லை என்றார். நோகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எழுதிக் கொடு என்றார். ஒன்பது வருஷத்தில் என் கையால் எழுதிய எந்தக் கடிதத்திலும் “நான் தவறாக எண்ணினேன்” என்ற வாக்கியம் இல்லை. எழுத ஒரு மணி நேரம் பிடித்தது.

டாக்டர் ரஞ்சியின் காலைப் பார்த்தார். அடியிலிருந்து தசை வளர்கிறது, மலாக்கா வேண்டாம் என்றார். யார் இவ்வளவு சுத்தமாகக் கட்டு மாற்றுவது என்று கேட்டார். வார்டு ஆயா என்றேன்.

23-3-1934

புல் வெட்டும் இடத்துக்கே போனேன். சுப்பம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். திங்கட்கிழமை வார்டுக்கு வா என்று சொன்னேன். சரிங்கய்யா என்றாள். அதோடு திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

“அந்த ரிப்போர்ட்...”

“நீங்கதான் எழுதினீங்கன்னு தெரியும்யா.”

“தெரிஞ்சுமா என் வீட்டுக்கு வந்தாய்?”

“பிள்ளை என்னாய்யா பண்ணுச்சு?”

என்னிடம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நிறுத்தச் சொல்லியிருப்பீங்க.”

ஆம். நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

26-3-1934, திங்கள்

சுப்பம்மா வார்டுக்குத் திரும்பிவிட்டாள். குளியலறைப் பக்கத்திலிருந்த கிண்ணத்தை வார்டின் நடுமேசையில் வைக்கச் சொன்னேன். பேண்டேஜ் சுருளைப் பற்றி நான் கேட்கவில்லை.

சாயந்தரம் ரஞ்சியின் கட்டை நானே மாற்றப் போனேன். இடுக்கியைத் தட்டில், அவள் கண்ணுக்கு முன்னால் வைத்தேன். அப்படியும் “கையைக் காட்டுங்கோ” என்றாள். இரண்டு கையையும் விரித்தேன். சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள். மடித்தேன். பார்த்த பிறகு கேட்டாள்.

“நோகுமோ?”

வாய் பழக்கத்தில் “நோகா...” என்று தொடங்கிவிட்டது.

“நோகும்” என்றேன்.

“எவ்வளவு மட்டும்?”

“பன்னிரண்டு எண்ணும் மட்டும்.”

“சுப்பம்மா பத்து எண்டவள்.”

“எனக்கு அவளைப் போல வேகமில்லைப் பிள்ளை.”

யோசித்துவிட்டுக் காலை நீட்டினாள். ஐந்தில் கையைத் தூக்கினாள். இன்னும் ஒரு இழுப்புத்தான் மிச்சம். என் விரல் நிற்க மாட்டேன் என்றது. நிறுத்தினேன்.

4-4-1934

ரஞ்சி குதிகாலை ஊன்றி நொண்டி நொண்டி வார்டுக்கு வந்தாள். கந்தசாமியின் மகள் புதிதாக வந்திருக்கிறாள், கையில் தீப்புண். என்னைக் கண்டதும் அலறினாள். ரஞ்சி அவள் காதில், நானும் கேட்கும்படியே சொன்னாள். “அவர் முந்தி பொய் சொல்றவர். இப்ப குறைவு. எண்டாலும் கையைக் காட்டச் சொல்லு.”

அந்தப் பிள்ளை சொன்னது. எட்டுப் பேர் பார்த்திருக்க, நான் காட்டினேன்.

19-4-1934

தினமும் காட்டுகிறேன். கட்டு மாற்றவும், சோறு கொடுக்கவும், போர்வை இழுத்துவிடவும்.

2-5-1934, புதன்

புண் மூடிவிட்டது. இன்று கட்டு இல்லை. வேலை முடிந்து வந்தேன். ரஞ்சி வாசலில் சப்பாத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காரப் போகுமுன் இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் நீட்டினேன்.

நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் அப்பா?” என்றாள்.