கண்ணாடியின் மேல் எதற்குத் துணி?

டப்ளின்
மார்ச் 4, 2004

அன்புள்ள டெலியா அக்காவுக்கு,

போனில் பேசினால் உன் காதுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. கத்திப் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால்தான் கடிதம்.

எங்கள் ‘லாஸ்ட் ஃபெர்ரி’ இசைக்குழுவுக்கு அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைக்கிறார்கள் என்று சொன்னேனே, வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. மாஸியின் டிரம்ஸ், லோர்க்கனின் கிட்டார் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள். டைக் போட்டிருந்த ஷூ கூட இருக்கிறது. அதன் நாற்றம் தாங்காமல் கொட்டும் மழையில் வேனின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கார்க் நகரம் வரை போயிருக்கிறோம். இப்போது வெள்ளைக் கையுறை போட்டுத் தொடுகிறார்கள். மூன்று பேரும் இன்று உயிரோடு இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

நாங்கள் நால்வரும் ஒத்திகை பார்த்த நம் அம்மாவின் சமையலறையை அப்படியே கட்டியிருக்கிறார்கள். நீ அனுப்பிய கடிகாரம், முகம் பார்க்கும் கண்ணாடி, நான்கு நாற்காலிகள் எல்லாம் அதில்தான். பொறுப்பாளர் ஆஷ்லின் என்ற மேயோக்காரப் பெண், தங்கமானவள். படம் ஒன்று வைத்திருக்கிறேன், பார்.

23ஆம் தேதி திறப்பு விழா. மூன்றே மூன்று பாட்டு பாடுகிறேன். உடனே ஆரம்பித்துவிடாதே.

உன் தம்பி,
கோல்மன்


ரவுண்ட்ஸ்டோன்
மார்ச் 8

அன்புத் தம்பி கோல்மனுக்கு,

ஆரம்பிக்கத்தான் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் நீ. இனி மேடை ஏறினால் இதயம் தாங்காது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். மூன்று பாட்டாம், என்னமோ மூன்று ரொட்டித் துண்டு மாதிரி எழுதுகிறாய். உன் பேச்சைக் கேட்டு ஆட நான் ரசிகை இல்லை, அக்கா.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் எதற்கு வெள்ளைத் துணி? கடிகாரம் ஏன் நின்றிருக்கிறது? சாவி கொடுத்து, ஓடுகிறதா என்று பார்த்துத்தானே அனுப்பினேன். நாற்காலிகளை இரண்டிரண்டாக எதிரெதிரே போட்டு, மேலே பலகை வைத்து, அதன்மேல் நீளமாகக் கிட்டார் பெட்டியைக் கிடத்தியிருக்கிறார்கள். அது சமையலறை இல்லையடா. சாவு வீடு. அம்மா போனபோதும் கண்ணாடியை மூடி, கடிகாரத்தை நிறுத்தி, இப்படித்தான் கிடத்தினோம்.

மாஸி, லோர்க்கன், டைக் மூவரும் மண்ணுக்குப் போய் வருடங்களாயிற்று. பிறகு யாருக்காக இந்த ஏற்பாடு? படித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது. நீயாவது சொல். துணியை எடுக்கச் சொல், கடிகாரத்தை ஓட விடச் சொல். பிறகு பேசாமல் வீட்டுக்கு வந்து சேர். உன் அறையைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
டெலியா


டப்ளின்
மார்ச் 13

அன்புள்ள அக்கா,

நீ ஒருத்தி. விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணாடி கண்ணைக் கூச வைக்கிறதாம், அதனால் துணி. டிக் டிக் என்ற சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலாம், அதனால் கடிகாரம் நிற்கிறது. அவ்வளவுதான். எடுக்கச் சொல்கிறேன்.

தினமும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். மூவரும் பக்கத்தில் இருப்பது போலிருக்கிறது. பாவம், ஒருவனுக்கும் நாம் ஒழுங்காக உடலருகே இரவு விழித்திருக்கவில்லை. வெளியூர்களில் போனார்கள், மூடிய பெட்டியில் வந்தார்கள், நேரே குழிக்குள் போனார்கள்.

நேற்றுத் தச்சர் ஒருவர் வாசலில் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். “யாருங்க தவறிட்டாங்க?” என்று கேட்டார்.

“இன்னும் யாருமில்லப்பா,” என்றேன். மனிதருக்குச் சிரிப்பே வரவில்லை.

என் கறுப்புக் கோட்டு உன் அலமாரியில் இருக்கும். தேடி அனுப்பு. மேடைக்குத்தான்.

கோல்மன்


ரவுண்ட்ஸ்டோன்
மார்ச் 17

கோல்மன்,

கோட்டை அனுப்ப மாட்டேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள். இங்கே பாட்ரிக் திருநாள் ஊர்வலம் போகிறது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தச்சருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. அந்தப் பெண் மேயோக்காரி என்கிறாய். நம்மைப் போல மேற்குக் கரையில், மேயோவில் பிறந்தவளுக்கு, கண்ணாடியை எப்போது மூடுவார்கள் என்று தெரியாதா? தெரிந்தும் மூடியிருக்கிறாள் என்றால் யாரோ சொல்லித்தானே மூடியிருக்க வேண்டும்? நாற்காலியை இரண்டிரண்டாகப் போட அவளுக்கு யார் காட்டிக்கொடுத்தது?

கோல்மன், நீயா?

நீ இல்லை என்று ஒரு வரி எழுது. அடுத்த தபாலிலேயே எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது. பாடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், பாடாதே.

டெலியா


ரவுண்ட்ஸ்டோன்
மார்ச் 26

என் செல்லத் தம்பிக்கு,

உன் பதில் வரும் வரும் என்று தபால்காரரின் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை பாதிரியார்தான் வந்தார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நேரே அந்தச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாயாம். பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

கோட்டை எடுத்துக்கொண்டு டப்ளினுக்கு வந்தேன். ஆஷ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “துணிய எடுத்துடறேன்னு ரெண்டு தடவ சொன்னேம்மா. அவர்தான் விடல. ‘அவனுங்க மூணு பேருக்கும் யாரும் செய்யல, எனக்கும் செய்ய ஆளில்ல, இருக்கட்டும் விடு’ன்னுட்டார்.”

செய்ய ஆளில்லையா? நான் என்ன செத்தா போனேன்? இந்த ஒரு வார்த்தைக்காக உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. நீ பாடியதைக்கூட மன்னித்துவிடுவேன்.

தடுப்புக் கயிற்றைத் தாண்டி அந்தச் சமையலறைக்குள் போனேன். பிணத்தைத் தூக்கியதும் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவு அடுத்த ஆளுக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று அம்மா சொல்வாள். கிட்டார் பெட்டியையும் பலகையையும் இறக்கி வைத்துவிட்டு, நான்கையும் ஒவ்வொன்றாக உதைத்துக் கவிழ்த்தேன். காவலாளி ஓடிவந்து சத்தம் போட்டார். “விடுங்க, அவங்க வீட்டு நாற்காலி,” என்று ஆஷ்லின் அவரைத் தடுத்தாள். பார்க்க வந்திருந்த கூட்டம் இதுவும் கண்காட்சிதான் என்று நினைத்ததோ என்னவோ, யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நம் சமையலறையில்தான் படுத்திருக்கிறாய். ஊரே வந்திருக்கிறது. டீ, விஸ்கி, ரொட்டி, உன்னைப் பற்றிய பொய்க்கதைகள், ஒன்றுக்கும் குறைவில்லை. மாஸி, லோர்க்கன், டைக் பெயரையும் சேர்த்துத்தான் ஜெபமாலை சொன்னோம். விடிய விடிய ஒருவர் மாற்றி ஒருவர் உன் பக்கத்தில் இருந்தோம். ஆளில்லையாம்.

கோட்டு இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, இளைத்துவிட்டாய். இந்தக் கடிதத்தை அதன் உள்பையில் வைக்கிறேன்.

கடிகாரத்தையும் கையோடு கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நாளை உன்னைக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்ததும் சாவி கொடுப்பேன். நான் போகிற அன்றைக்கு அதை நிறுத்த யார் வருவார்கள் என்றுதான் தெரியவில்லை.

உன் அக்கா,
டெலியா