மூடி கழற்றிய ஃபில்டர்

அன்பு மனைவிக்கு, நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே பட்டறையில் ஒரு கூத்து நடந்தது. முதலாளி மகனின் பந்தய குவாட் பைக்குக்கு, அதுதான் மணலில் ஓட்டும் நாலு சக்கர வண்டிக்கு, ஏர் ஃபில்டர் தேர்ந்தெடுத்து மாட்டினேன். எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கொரு துணி உறை, ஃபில்டர் இருக்கும் பெட்டிக்கு மூடி. வேலைச்சீட்டில் கையெழுத்தும் போட்டேன்.

ஓட்டிப் பார்த்த மகன், “என்னண்ணே, வண்டி மூச்சு முட்டுது! மூடி, உறை எல்லாத்தையும் கழட்டுங்க” என்றான்.

“மணல் உள்ள போனா எஞ்சின் போயிடும் தம்பி.”

“சொன்னதைச் செய்ங்க.”

கழற்றினேன். அதைச் சீட்டில் எழுதவில்லை. மூன்றாம் நாள் எஞ்சின் புகை கக்கி நின்றது. “யாரு மாட்டின ஃபில்டர் இது?” என்றார் முதலாளி. மகன் வாயே திறக்கவில்லை. சீட்டில் என் கையெழுத்து.

பயப்படாதே, வேலை போகவில்லை. பழைய ஃபில்டர்களைத் தட்டித் தூசி எடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இருமல் கொஞ்சந்தான். வண்டிக்கெல்லாம் ஃபில்டர் பார்த்தவனுக்கு மூக்கில் கட்ட ஒரு துணியில்லை. உன் பழைய நூல் சேலை ஒன்றை அனுப்பு.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

சேலையைத் துவைத்துவிடாதே, அப்படியே அனுப்பு.